இரவு 11.05-க்கு உள்ளே வந்தவர்

ராமேஸ்வரம் பக்கத்து ஊரான மண்டபத்தில் ஒரு நண்டுக் கம்பெனியில் மூன்று ஆண்டுகள் கணினிப் பிரிவில் இருந்தேன். பிரிவு என்றால் நான் ஒருவன்தான். அவித்த நீலக்கால் நண்டைப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து உடைத்துச் சதை எடுப்பார்கள். அது டப்பாவில் அடைபட்டுக் கப்பலேறும். அதற்கு முன்பே ஆய்வக அறிக்கை, வெப்பநிலைப் பதிவு, பேக்கிங் பட்டியல் எல்லாம் வாடகைக்கு எடுத்திருந்த எஃப்டிபி சர்வரில், அதாவது இணையம் வழியே கோப்புகளை ஏற்றி இறக்கும் கணினியில், ஏறியாக வேண்டும்.

ஒரு நாள் காலையில் பார்த்தால் ஒரு பேட்சின் வெப்பநிலைப் பதிவு இருந்த இடத்தில், அதே பெயரில் வேறொரு பேட்சின் பதிவு கிடந்தது. மேலாளர் லாக்கை, அதாவது யார் எப்போது எதை ஏற்றினார்கள் என்று சர்வர் குறித்துவைக்கும் பதிவைக் கேட்டார். நேரம் 23.05, பயனர் பெயர் 'பேக்கிங்'. அந்நேரத்தில் கம்பெனியில் இருந்தவர் காவலாளி அண்ணன் ஒருவர்தான். "கம்ப்யூட்டர் பக்கம் எனக்கு என்ன வேலை தம்பி?" என்றார். மேலாளர் நம்பவில்லை. நானும் பாதிதான் நம்பினேன்.

மதியச் சோற்றுக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. சர்வரின் கடிகாரம் யுடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. அந்த 11.05 நமக்கு விடியற்காலை 4.35, லாரியில் சரக்கு ஏற்றும் நேரம், கொட்டகை முழுக்க ஆட்கள். காவலாளியிடம் போய்ச் சொன்னேன். "சரி" என்றார், அவ்வளவுதான். ஒரு வாரம் என் வண்டிக்குக் கேட் திறக்க மட்டும் கொஞ்சம் தாமதமானது.

சரி, யார்தான் ஏற்றியது? 'பேக்கிங்' கணக்கைப் பதினொரு பேர் பயன்படுத்தினார்கள். எடைமேடைக்குப் பக்கத்துச் சுவரில் பாஸ்வேர்டை எழுதி ஒட்டியவனே நான்தான். எல்லாக் கணினிகளும் ஒரே இணைப்பு வழியாக வெளியே போனதால், லாக்கில் ஐபி முகவரியும் (இணைய இணைப்பின் அடையாள எண்) ஒன்றே. இங்கே விசைப்படகுகள் மீன்வளத்துறையில் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகும். எந்தப் படகு போனது என்பதற்கு டோக்கன் சாட்சி; வலை இழுத்தவர் யார் என்பதற்கு அல்ல. என் லாக்கும் அந்த டோக்கனைப் போலத்தான் இருந்தது.

அதன் பிறகே லாக்கை வரி வரியாகப் படிக்கத் தொடங்கினேன். பரிமாற்றப் பதிவில் ஒவ்வொரு வரியின் கடைசி எழுத்து ஆங்கில 'சி' என்றால் கோப்பு முழுதாகப் போய்ச் சேர்ந்தது, 'ஐ' என்றால் பாதியில் அறுந்தது. அதே வரியின் நடுவில் வரும் 'ஐ'-க்கோ, கோப்பு உள்ளே வந்தது என்று பொருள். இப்படி எழுத்து வைத்தவரை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். காற்று பலமாக அடிக்கும் நாட்களில் இணைப்பு அறுந்து, வரிகளின் முடிவில் 'ஐ' வரிசை கட்டி நிற்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நண்டு வரத்து குறைந்து லாக்கும் மெலிந்தது. அப்போதுதான் வெளியாட்கள் கண்ணில் பட்டார்கள்: 'அட்மின்', 'ரூட்', 'டெஸ்ட்' என்று பெயர் மாற்றி மாற்றிக் கதவு தட்டியவர்கள். நான் பயந்தது அவர்களைக் கண்டு அல்ல. முந்தைய சீசனோடு வேலையை விட்டுப் போன ஒருவரின் கணக்கு இன்னும் உயிரோடு இருந்தது. அதில் யாரோ உள்ளே வந்து போயிருந்தார்கள். பழைய வரிகளைத் தேடினால் நான்கு வாரத்துக்கு முந்தையது எதுவும் இல்லை. லாக் தானாகவே அழிந்திருந்தது. லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டிருந்ததை அதன் பிறகே தேடிப் படித்தேன்.

பொதுக் கணக்கை மூடி ஆளுக்கொரு கணக்கு கொடுத்தேன். எஃப்டிபியில் பாஸ்வேர்டு வெட்டவெளியில் போகிறது என்பதால் அதை மறைத்து அனுப்பும் எஸ்எஃப்டிபிக்கும் மாறினோம். சுவரில் ஒட்டியிருந்த தாளையும் கிழித்தாயிற்று. இரண்டாவது வாரம், ஒரே பெயரில் ஒரே நேரத்தில் இரண்டு இணைப்புகள். பேக்கிங் பகுதிக்குப் போய்க் கேட்டேன்.

"அக்காவுக்குப் பாஸ்வேர்டு மறந்துவிட்டது சார். லாரி நின்றுகொண்டிருந்தது, அதனால் என்னுடையதைக் கொடுத்தேன்."