பைலட் ஆகணும்னா முதல்ல மெடிக்கல், அப்புறம்தான் ஃபீஸ்

போன வாரம் சித்தி பையன் போன் பண்ணான். ப்ளஸ் டூ முடிச்சிட்டான், ஏதோ ஃபிளையிங் ஸ்கூல்ல அட்வான்ஸ் கேக்குறாங்களாம், கட்டிடவாண்ணான்னு கேட்டான். கட்டாதடா, முதல்ல மெடிக்கல முடின்னு சொன்னேன். அவன மாதிரி நிறைய பேர் கேக்குறாங்க, அதான் இங்கயே எழுதிடுறேன்.

நம்ம நாட்டுல 16 வயசுலயே ஸ்டூடன்ட் பைலட் லைசென்ஸ் எடுக்கலாம். பிபிஎல் (பிரைவேட் பைலட் லைசென்ஸ்)-னா 17 வயசு, 40 மணி நேரம் ஃபிளையிங், ஆனா அத வச்சு சம்பளத்துக்கு ஓட்ட முடியாது. வேலைக்குப் போகணும்னா சிபிஎல்தான், அதாவது கமர்ஷியல் பைலட் லைசென்ஸ். 18 வயசு ஆகியிருக்கணும், 200 மணி நேரம் ஓட்டியிருக்கணும், அதுல 100 மணி நேரம் பைலட் இன் கமாண்டா, அதாவது பிளேனுக்கு நீங்களே பொறுப்பா இருக்கணும், விமானத்துறைய கவனிக்கிற அரசு அமைப்பு டிஜிசிஏ வைக்கிற பேப்பர்ல 70 சதவீதம் வாங்கணும், ரேடியோல பேசுறதுக்கு ஆர்டிஆர் லைசென்ஸ் தனி. இத்தனையும் முடிச்சாலும் கிளாஸ் 1 மெடிக்கல் (கிளாஸ் 2 முடிச்சிட்டு எடுக்குற அடுத்த கட்ட உடல் பரிசோதனை) இல்லன்னா சிபிஎல் கைக்கு வராது.

என் பேட்ச்ல ஒருத்தன், அவங்கப்பா நிலத்த வித்து முதல் தவணை கட்டினார், ஸ்கூல்ல யாரும் மெடிக்கல் பத்தி வாயே திறக்கல. அப்புறம் டெஸ்டுக்குப் போனா கலர் புள்ளிக்குள்ள நம்பர் இருக்குற அந்த புக்க நீட்டுறாங்க, இவனுக்கு வெறும் புள்ளிதான் தெரியுது. அன்ஃபிட். கட்டின காசுல பாதிதான் திரும்பி வந்துச்சு. அன்னைக்கு நைட்டு ஹாஸ்டல் மொட்டை மாடில அவன் உக்காந்திருந்தது இன்னும் என் கண்ணுலயே நிக்குது, அதனாலதான் இத எல்லார்கிட்டயும் திரும்பத் திரும்ப சொல்றேன்.

மெடிக்கல் ஓகேன்னா தைரியமா இறங்குங்க, அந்த 200 மணி நேரம் மாதிரி ஒண்ணு வாழ்க்கைல வராது. அதுலயும் 300 நாட்டிகல் மைல் கிராஸ் கன்ட்ரி, அதாவது ஊர் விட்டு ஊர் போற தூரப் பயணம், கிட்டத்தட்ட 555 கிலோமீட்டர், வழில வேற ரெண்டு ஏர்ஃபீல்டுல இறங்கி நின்னு கிளம்பணும், கூட யாரும் கிடையாது. நான் போன அன்னைக்கு காலைல ஏறி நின்னு, செஸ்னா (சின்ன டிரெய்னிங் பிளேன்) ரெக்கைல இருக்குற டேங்க்குக்குள்ள குச்சிய விட்டு ஃபியூயல் எவ்வளவு இருக்குன்னு பாத்தேன், இறங்கி வந்து பக்கத்து சீட்டு பெல்ட்ட இழுத்து மாட்டினேன், காலி சீட்டுல அது தொங்கி எதுலயும் மாட்டிக்கக் கூடாதுல்ல. இன்ஸ்ட்ரக்டர் எப்பவும் உக்கார்ற சீட்டு அது. மாட்டும்போது கை லேசா நடுங்குச்சு.

சிபிஎல் வந்துட்டா நேரா ஏர்பஸ்னு நிறைய பேரு வீட்டுல நினைக்கிறாங்க. அப்படி இல்ல. ஒண்ணுக்கு மேல இன்ஜின் உள்ள பிளேனுக்கு மல்டி இன்ஜின் ரேட்டிங் தனி, வெளிய பாக்காம கருவிகள வச்சே ஓட்டுறதுக்கு இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் தனி, 5700 கிலோவுக்கு மேல உள்ள பிளேனுக்கு அந்தந்த மாடலுக்கான அனுமதி, அதான் டைப் ரேட்டிங், வேணும், ஏ320-க்கு எடுத்தத வச்சு போயிங் 737 ஓட்ட முடியாது, அந்த செலவயும் இப்பவே கணக்குல வச்சுக்கங்க. கேப்டன் ஆகணும்னா ஏடிபிஎல் (ஏர்லைன் டிரான்ஸ்போர்ட் பைலட் லைசென்ஸ்), அதுக்கு 1500 மணி நேரம்.

இன்னொண்ணு, நம்ம ஊரு பசங்களுக்குன்னே உள்ள தலைவலி இனிஷியல். மார்க் ஷீட்ல வெறும் இனிஷியல், பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா, இப்படி இருந்தா டிஜிசிஏ பரீட்சை எழுதத் தேவையான கம்ப்யூட்டர் நம்பருக்கு அப்ளை பண்றதுக்கு முன்னாடியே சரி பண்ணிடுங்க. தம்பி, நீ இந்த வாரமே முதல் மெடிக்கலான கிளாஸ் 2-வுக்கு அப்பாயின்ட்மென்ட் போடு, ரிசல்ட் வந்ததும் எனக்கு போன் பண்ணு, அட்வான்ஸ் பத்தி அப்புறம் பேசிக்கலாம்.