ரான்சம்வேர் வந்த கம்ப்யூட்டரை ஃபார்மட் போட விடாதீர்கள்

ஃபைல் பெயர்களின் பின்னால் அர்த்தமில்லாத நான்கு எழுத்து ஒட்டிக்கொண்டு, எதைத் தட்டினாலும் திறக்கவில்லை என்றால் அது ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வைரஸ். அந்த நேரத்தில் பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்வது ஒன்றுதான்: "ஃபார்மட் போட்டுடலாம் சார்." போட விடாதீர்கள். தம்பியின் கல்யாண வீடியோ எங்கள் வீட்டு டிவியில் மறுபடி ஓடுகிறது என்றால், அந்தப் பேச்சைக் கேட்காததால்தான்.

அண்ணன் மகன் காலேஜ் ப்ராஜெக்டுக்காக ஒரு வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேரின் கிராக்கை, அதாவது காசு கட்டாமல் ஓட்டும் திருட்டு நகலை, எங்கிருந்தோ இறக்கியிருக்கிறான். சாஃப்ட்வேர் வரவில்லை. விண்டோஸ் அப்டேட் ஓடுகிற மாதிரி ஒரு பெட்டி மட்டும் வந்தது. அப்டேட்தானே என்று அவன் சாப்பிடப் போய்விட்டான். அந்தப் பெட்டியே போலி. ஃபைல்களைப் பூட்டும்போது கம்ப்யூட்டர் திணறுமே, அதற்கு ஒரு காரணம் காட்டத்தான் அந்த வேஷம். பையனைத் திட்டிப் பயனில்லை. எனக்குத் தெரிந்த பெரியவர்களே அதை நம்பியிருப்பார்கள்.

திரும்பி வந்து பார்த்தால் ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'ரீட்மீ' என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல். 980 டாலர் கொடுத்தால் சாவி தருவோம், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலை, 490 டாலர். நம்பிக்கை வர ஒரே ஒரு ஃபைலை இலவசமாகத் திறந்து காட்டுவோம், ஆனால் அதில் முக்கியமான விஷயம் எதுவும் இருக்கக் கூடாது. இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பெரம்பூரில் எங்களுக்குத் தெரிந்த சர்வீஸ் பையன் உடனே வந்தார். ஆன்ட்டிவைரஸ் இறக்கலாம் என்று பார்த்தால் அந்தத் தளங்கள் மட்டும் திறக்கவில்லை, மற்றதெல்லாம் திறந்தது. "நெட் ஸ்லோவா இருக்கு" என்றார். இல்லை. எந்தத் தளப் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று விண்டோஸ் பார்க்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில், இந்த ரான்சம்வேர் பாதுகாப்புத் தளங்களின் பெயர்களை எழுதித் தடுத்துவிடும். போனில் அதே தளம் பளிச்சென்று திறந்தது. அடுத்து அவர் தன் பென்டிரைவைச் செருகினார். சில நிமிடங்களில் அதிலிருந்த எல்லா ஃபைலுக்கும் அதே நான்கெழுத்து வால். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் 'டைம் ட்ரிக்கர் டாஸ்க்' என்று ஒன்றைப் போட்டு வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை புதிதாக வந்ததைத் தேடிப் பூட்டுகிறது. பாவம், அவருடைய இன்ஸ்டாலேஷன் ஃபைல்கள் மொத்தமும் போனது. எங்கள் பேக்கப் டிஸ்க்கைக் கொடுங்கள் என்று அதற்கு முன்பே கேட்டிருந்தார், அப்பா பீரோ சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். சாவி சீக்கிரம் கிடைத்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

அதனால் முதல் வேலை: நெட்டைத் துண்டியுங்கள், மிரட்டல் ஃபைலைப் போனில் படம் எடுங்கள், கம்ப்யூட்டரை அணையுங்கள். பேக்கப் டிஸ்க்கையோ பென்டிரைவையோ கிட்டேயே கொண்டு போகாதீர்கள்.

எந்த வகை என்று கண்டுபிடிக்க 'ஐடி ரான்சம்வேர்' என்ற இலவசத் தளம் இருக்கிறது. மிரட்டல் ஃபைலில் இருக்கும் மின்னஞ்சல் முகவரியைப் போட்டால்கூடப் போதும். இன்னொன்று 'நோ மோர் ரான்சம்'. 2016ல் ஐரோப்பிய யூனியனின் போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் கேஸ்பர்ஸ்கை, இன்டெல் செக்யூரிட்டி நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கியது. எங்களுக்கு வந்தது ஸ்டாப் டிஜேவியூ. வீட்டுக் கம்ப்யூட்டர்களை, அதுவும் கிராக் சாஃப்ட்வேர் வழியாக, அதிகம் பிடிக்கிற ரான்சம்வேர்க் குடும்பம் இது. இதில் பார்க்க வேண்டியது மிரட்டல் ஃபைலின் அடியில் இருக்கும் பர்சனல் ஐடி. அது 'டி1' என்று முடிந்தால், கம்ப்யூட்டர் அவர்கள் சர்வரைத் தொடர்புகொள்ள முடியாதபோது போட்ட, பலருக்கும் பொதுவான சாவி. அந்தச் சாவி யாரிடமிருந்தாவது கிடைத்திருந்தால் எம்சிசாஃப்ட் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் இலவசக் கருவியே திறந்துவிடும். எங்களுடையது அப்படி முடியவில்லை. அதாவது எங்களுக்கென்று தனிச் சாவி, அது அவர்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

இது தெரிந்த பிறகும், அப்பாவின் வற்புறுத்தலால், சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போனோம். அங்கே ஒழுங்கான கடைகள் நிறைய உண்டு, புது டிஸ்க்கை அங்கேதான் நியாயமான விலைக்கு வாங்கினேன். ஆனால் டேட்டா ரெக்கவரி போர்டு போட்ட ஒரு மாடிக் கடையில் நடந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

டிஸ்க்கைப் பார்த்ததும் "நூறு சதவீதம் எடுத்துடலாம் சார்" என்றார். எப்படி என்று கேட்டேன். "எங்ககிட்ட ஃபாரின் சாஃப்ட்வேர் இருக்கு." விலை 65,000 ரூபாய், பாதி அட்வான்ஸ். நான் தயங்கியதும், "சின்னதா, முக்கியமில்லாத ஃபைல் ஒண்ணு குடுங்க, மாதிரிக்கு ஓப்பன் பண்ணிக் காட்டறோம்" என்றார். கூடவே மிரட்டல் ஃபைலையும் அனுப்பச் சொன்னார். "ஆனா ரெண்டு நாளுக்குள்ள முடிவு சொல்லுங்க, அப்புறம் ரேட் ஏறிடும்."

போனில் இருந்த படத்தை எடுத்து அப்பாவிடம் நீட்டினேன். வரிக்கு வரி அதேதான்: ஒரு ஃபைல் இலவசம், முக்கியமில்லாததாக இருக்கணும், நேரம் போனால் விலை இரட்டிப்பு. 490 டாலர் என்றால் 40,000 ரூபாய்க்கு மேல். மீதி யாருக்கு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கடைக்காரர் என்ன செய்திருப்பார் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் 2019ல் அமெரிக்காவின் ப்ரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம், சொந்தத் தொழில்நுட்பத்தில் மீட்பதாகச் சொல்லிவிட்டுத் திருடனுக்கே பணம் கட்டிய ரெக்கவரி கம்பெனிகளைப் பற்றி விரிவாக எழுதியது. தனிச் சாவி போட்ட ஃபைலை 'நூறு சதவீதம்' திறப்பேன் என்று யாராவது சொன்னால், எப்படி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தக் கடைக்காரர் மறுத்தார், நாங்கள் எங்கள் டிஸ்க்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டோம்.

போலீஸ் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் பகுதி காவல் நிலையத்தில் கேட்ட முதல் கேள்வி "பணம் எவ்வளவு போச்சு?" பணம் போகவில்லை என்றதும் ஆர்வமும் போய்விட்டது. பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள். போகாவிட்டாலும் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் 'மற்ற சைபர் குற்றங்கள்' பிரிவில் வீட்டிலிருந்தே பதியலாம். புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்வது நினைத்ததைவிடச் சுலபம். பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, புதிதாக வாங்கிய எஸ்எஸ்டி டிஸ்க்கில் விண்டோஸ் போட்டோம். முடிந்தது.

அதைவிட அவசரமானது பாஸ்வேர்டுகள். கடைக்காரர்கள் யாருமே இதைச் சொல்லவில்லை. டிஜேவியூ தனியாக வருவதில்லை. விடார், ரெட்லைன் மாதிரி தகவல் திருடும் மென்பொருள்களையும் பல சமயம் கூட்டிவரும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு எல்லாம் போயிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஜிமெயில், வங்கி, அப்பாவின் பென்ஷன் கணக்கு எல்லாவற்றையும் போனிலிருந்தே மாற்றினோம். ஜிமெயிலில் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறச் சொல்லும் வசதியையும் பயன்படுத்துங்கள், ஏனென்றால் நீங்கள் ஏற்கனவே லாகின் செய்ததை பிரவுசர் ஞாபகம் வைக்கும் குக்கீ திருடுபோயிருந்தால் பாஸ்வேர்டு தெரியாமலே உள்ளே வர முடியும்.

இனி மீட்ட கதை. டிஜேவியூ அவசரக்காரத் திருடன்: வேகமாக முடிக்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபியை மட்டும் பூட்டுகிறது. சின்ன எக்செல், வேர்டு ஃபைல்கள் முழுசாகப் போய்விடும். பெரிய ஃபைல்களில் மிச்சமெல்லாம் அப்படியே கிடக்கிறது! பழைய டிஸ்க்கை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, முதலில் முழு ஸ்கேன் ஓட்டி, பூட்டிய ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு நகல் எடுத்தேன். எந்தச் சோதனையும் நகலில்தான். அப்பா போன வருடம் சுருட்டி வைத்திருந்த பெரிய ஜிப் ஒன்றில் அந்த நான்கெழுத்து வாலை வெட்டிவிட்டு, ஜிப் திறக்கும் 7-ஜிப் சாஃப்ட்வேரில் திறந்தேன். முதல் ஃபைல் மட்டும் போயிருந்தது, பின்னால் இருந்தவை எல்லாம் வந்தன. அவர் ஸ்கேன் செய்த பெரியப்பா குடும்பப் படங்கள் மொத்தமும் அதில் இருந்தன.

கல்யாண வீடியோவுக்கு டிஸ்க்டூனாவின் 'மீடியா ரிப்பேர்' என்ற இலவசக் கருவி. எம்பி4ஐச் சரிசெய்ய, அதே கேமராவில் அதே செட்டிங்கில் எடுத்த நல்ல ஃபைல் ஒன்று அதற்கு மாதிரியாக வேண்டும். கொளத்தூர் வீடியோகிராபரிடம் கேட்டேன். மனுஷன் தேடிப் பிடித்து வரவேற்பு வாசலில் எடுத்த ஒரு துண்டை அனுப்பினார். அதைக் கொடுத்ததும் முகூர்த்த வீடியோ ஓட ஆரம்பித்தது. ஆரம்பத்தில் கொஞ்சம் தடுமாறுகிறது, அப்புறம் தாலி கட்டுவது வரை சுத்தமாக இருக்கிறது. அம்மா இரண்டு தடவை பார்த்தார்.

வராதவை அப்பாவின் கணக்கு எக்செல்கள். அவற்றையும் அழிக்கவில்லை. 2020 ஏப்ரலில் ஷேட் என்ற ரான்சம்வேர்க் கூட்டம் கடையைக் கட்டும்போது ஏழரை லட்சம் சாவிகளை அவர்களே வெளியிட்டார்கள். டிஜேவியூவுக்கும் அப்படி ஒரு நாள் வரலாம். அதனால் பூட்டிய ஃபைல்கள், மிரட்டல் ஃபைல், சி டிரைவில் 'சிஸ்டம்ஐடி' ஃபோல்டரில் இருக்கும் பர்சனல் ஐடி ஃபைல், மூன்றையும் ஒரே டிஸ்க்கில் சேர்த்து வையுங்கள். எம்சிசாஃப்ட் கருவியை அவ்வப்போது அதன்மேல் ஓட்டிப் பார்க்கிறேன்.