அசல் அசோக மரம்: விதையிலிருந்து நான்காம் வருடம் வரை

முதலில் நான் வளர்த்தது அசோக மரமே இல்லை. நர்சரியில் 'அசோகா' என்று கேட்டு வாங்கிய கன்று, பக்கக் கிளை விரியாமல் கம்பம் போல மேலேயே ஏறியது. இரண்டு வருடம் கழித்துதான் அது நெட்டிலிங்கம் என்று தெரிந்தது. நெட்டிலிங்கம் சீத்தாப்பழக் குடும்பம். ஓரம் நெளிந்த தனித்தனி இலை, வெளிர்பச்சையில் நட்சத்திரம் போலப் பூ. பழந்தமிழில் பிண்டி, செயலை என்று சொன்ன அசோகம் புளியமரத்துக்கு உறவு. ஒரே காம்பில் 3 முதல் 6 ஜோடி சிற்றிலைகள் எதிரெதிராக இருக்கும். கன்றிலேயே இதைப் பார்த்துவிடலாம், பூக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

பூத்த மரத்தைப் பிறகு நேரில் பார்த்தேன். முதிர்ந்த கிளையிலும் அடிமரத்திலும் ஒட்டினாற்போல் கொத்துக் கொத்தாகப் பூ. உதிர்ந்த ஒன்றை எடுத்துப் பார்த்தால் அல்லி இதழே கிடையாது. இதழாகத் தெரிகிற நான்கும் நிறமேறிய புல்லிகள், அதாவது மொட்டை மூடும் வெளியடுக்கு. மஞ்சள் கலந்த ஆரஞ்சாக விரிந்து போகப் போகச் சிவக்கிறது. அதனால் ஒரே கொத்தில் இரண்டு நிறம். அவ்வளவு அழகு!

அந்த மரத்தின் விதைகள் பத்தை டப்பாவில் போட்டு ஒரு மாதம் கழித்து விதைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. அசோக விதை காய்ந்தால் உயிர் போய்விடும். அடுத்த பருவத்தில் காய் வெடித்த கையோடு விதைகளை ஈரத்துணியில் சுற்றிவந்து, மறுநாளே மணலும் மக்கிய இலையும் கலந்த பையில் ஊன்றினேன். எட்டில் ஆறு முளைத்தன.

அப்புறம் ஒரு பயம். புதுத் துளிர் செம்பு நிறத்தில், நனைந்த துணி போலத் துவண்டு தொங்கியது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஊற்றி ஊற்றி, இரண்டு கன்றுகளை வேரழுகலில் பறிகொடுத்தேன். உண்மையில் அசோகத் துளிர் அப்படித்தான் வரும். சில நாளில் தானாக விறைத்துப் பச்சையாகிவிடும். இப்போது துளிர் தொங்கினால் மண்ணைத் தொட்டுப் பார்ப்பதோடு சரி.

தரையில் நட்டதில் ஒன்று முழு வெயிலில் இருந்தது. அதன் இலை ஓரமெல்லாம் கருகியது. மலைக்காட்டு ஓடையோரம் பெரிய மரங்களின் நிழலில் வளர்கிற இனம் அல்லவா! தென்னோலை நிழலும் வேரடி மண்ணை மூடும் கனமான மூடாக்கும் கொடுத்த பிறகுதான் தேறியது. நெட்டிலிங்கத்தின் கிழக்கே நட்ட கன்றுக்கு மதிய வெயில் படுவதில்லை, அதுதான் எல்லாவற்றிலும் செழிப்பு.

நான்காம் வருடமான இப்போது அது என் தோள் உயரம். மெதுவாகத்தான் வளர்கிறது, ஆனால் கிளைகள் இப்போதே குடை போலப் பரவுகின்றன. அவற்றைக் கவாத்து செய்யாமல் விட்டிருக்கிறேன். வெயிலில் இருக்கும் கன்றுக்கு இந்தக் கோடையிலும் ஓலை தேவை, புது ஓலை முடைந்து வைத்தாயிற்று.