டன்பார் கோட்டை மாடல்: ஏழு வாரத்தில் இதுவரை

ஏழு வாரமாக மேசையில் இருக்கும் டன்பார் பாதிக்கு மேல் வந்துவிட்டது. பாறையும் துறைமுகச் சுவரும் முடிந்தன. கோட்டைதான் பாக்கி.

டன்பார், ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குக் கிழக்கே வடகடலை ஒட்டிய மீன்பிடி ஊர். முதன்முதலில் அதன் படத்தைப் பார்த்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டு, அப்புறம் மனதை விட்டுப் போகவே இல்லை. படகுகள் கடலுக்குப் போகும் வழி கோட்டையைப் பிளந்துகொண்டு போகிறது. அதைக் கையால் செய்து பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே தோன்றிவிட்டது.

அளவு 1:500. பலகை 60 செ.மீ.க்கு 45 செ.மீ. கோட்டைப் பாறையும் விக்டோரியா துறைமுகமும் அதில் அடங்கிவிடும். ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற பிரிட்டன் நில அளவைத் துறையின் பழைய வரைபடங்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. அதிலிருந்து கரையோர எல்லைக் கோடுகளைப் பிரதி எடுத்து, தெர்மோகோலை அடுக்கடுக்காக வெட்டி ஒட்டினேன்.

முதலில் 1338-ஐத்தான் செய்ய நினைத்தேன். அந்த வருடக் கதை அப்படி. கோட்டைக்குச் சொந்தக்காரர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, சாலிஸ்பரி பிரபு வில்லியம் மாண்டகு ஆங்கிலேயப் படையோடு வந்து ஜனவரியில் கோட்டையை வளைத்தார். உள்ளே இருந்தவர் சொந்தக்காரரின் மனைவி ஆக்னஸ் ராண்டால்ஃப். ஊர் வைத்த பெயர் ‘கறுப்பு ஆக்னஸ்’. கவண் பொறிகள் எறிந்த கல் சுவரில் பட்ட இடத்தை, பணிப்பெண்களை அனுப்பித் துணியால் தூசி தட்டச் சொன்னாராம். ‘பன்றி’ என்று பெயர் வைத்த கூரையுள்ள முற்றுகை வண்டியைச் சுவரோரம் உருட்டி வந்தபோது, மேலிருந்து பாறையைத் தள்ளி நொறுக்கினார்கள். உள்ளே உணவு தீர்ந்துகொண்டிருந்த சமயத்தில், அலெக்சாண்டர் ராம்சே 40 பேரோடு கடல் வழியாகப் படகில் வந்து சேர்ந்தார். ஐந்து மாதம் கழித்து, ஜூனில், மாண்டகு திரும்பிப் போனார்.

ஆனால் அன்றைய சுவர்களைச் செய்ய எனக்கு ஆதாரம் போதவில்லை. ஸ்காட்லாந்து அரசி மேரியும் பாத்வெல் பிரபுவும் இங்கே தங்கிய 1567-ஆம் ஆண்டின் முடிவிலேயே, கோட்டையை இடிக்கச் சொல்லி ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் உத்தரவிட்டது. ஊகத்தில் கோபுரம் கட்ட மனம் வரவில்லை. அதனால் இடிபாட்டையே செய்வது என்று முடிவு செய்தேன்.

அங்கேயும் ஒரு கேள்வி. எந்த இடிபாடு? ஹெர்ரிங் மீன்பிடி பெருகியபோது பழைய கிராம்வெல் துறைமுகத்தில் படகுகளுக்கு இடம் போதவில்லை. 1840-களில் விக்டோரியா துறைமுகத்தைக் கட்டினார்கள். அதற்கு வாசல் திறக்கக் கோட்டையின் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஆக்னஸைக் காப்பாற்றிய அதே கடல் பக்கம். பின்னாளில் அமெரிக்கக் காடுகளுக்காகப் போராடிய ஜான் மியூர் அப்போது இந்த ஊரில் சின்னப் பையன். 1838-இல் பிறந்தவர், 1849-இல் கப்பலேறும்வரை இந்த இடிபாடுகளில் ஏறி விளையாடியவர்.

சரி, இரண்டையும் காட்டலாம் என்று தகர்ந்த பகுதியைத் தனித் துண்டாகச் செய்கிறேன். வைத்தால் 1840-க்கு முன்பு, எடுத்தால் பின்பு.

நான்காவது வாரம் ஒரு சேதம். அடிப்பூச்சுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடித்தேன்; தெர்மோகோல் உருகிப் பள்ளம் பள்ளமாகிவிட்டது. தெர்மோகோலுக்கு முதலில் ஃபெவிகால் கலந்த சாக்பவுடரைப் பூசிக் காயவிட வேண்டும், அதன்மேல் அக்ரிலிக் மட்டும்தான். வடக்கு ஓரத்தை வெட்டி மாற்றினேன். அலையடிக்கும் பக்கத்துப் பள்ளங்களை மட்டும் விட்டுவைத்தேன், கடல் அரித்த பாறை போலவே இருக்கின்றன.

சுவர் சிவப்பு மணற்கல். சலித்த செம்மண்ணை அக்ரிலிக்கில் கலந்து தொட்டுத் தொட்டு வைத்தால் சரியான நிறம் வருகிறது. அந்தச் சுவர்ப் பொந்துகளில் இன்று கிட்டிவேக் என்ற கடற்பறவைகள் கூடு கட்டுகின்றன. பறவையின் நீளம் சுமார் 40 செ.மீ., என் அளவில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ரவை சரியாக இருந்தது. ஊசி முனையால் ஒவ்வொன்றாக ஒட்டுகிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை படகு. 1880-கள் காலத்து ஃபைஃபி, முன்னும் பின்னும் செங்குத்தாக இறங்கும் ஹெர்ரிங் படகு. 20 மீட்டர் படகுக்கு 4 செ.மீ. ஐஸ்கிரீம் குச்சி போதும். பாய்க்கு என்ன நிறம் என்று தேடியபோதுதான் தெரிந்தது, உப்புநீரில் மக்காமலிருக்க ஸ்காட்லாந்து மீனவர்கள் பாயையும் வலையையும் காசுக்கட்டிச் சாற்றில் ஊறவைத்தார்கள். ஆசியாவிலிருந்து கப்பலில் போன சரக்கு, நாம் வெற்றிலையோடு போடுகிற அதே காசுக்கட்டி. கடையில் ஒரு துண்டு வாங்கி வெந்நீரில் கரைத்து மல் துணியை ஒரு ராத்திரி ஊறவைத்தேன். காலையில் பழுப்புச் சிவப்பில் பாய் தயார்.

நேற்று அந்தத் தனித் துண்டை எடுத்துவிட்டு, இடைவெளியில் படகை நுழைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலம் இருந்தது.