நூலகப் பாட்டில் ஒரு வரி

"அண்ணை, நான் அங்க சோதனைக்குப் படிக்கப் போனனான். எனக்கு அது ஃபான் சத்தம் கேக்கிற இடம்."

நான் கேட்டது இவ்வளவுதான்: "யாழ்ப்பாண நகரத்தைப் பற்றி முழு ஆல்பம் எழுதியிருக்கிறீர். நூலகத்துக்கெண்டே ஒரு பாட்டு இருக்கு. 1981 பற்றி ஒண்டும் இல்லையே?"

அதுவரை மற்றவர்களின் மெட்டுக்கு எழுதிக்கொண்டிருந்த இளம் பாடகரின் முதல் தனி ஆல்பம் அது; என் ஸ்டூடியோவில்தான் பதிந்தோம். பருத்தித்துறை பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடும் குரல், கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளில் கல்யாணக் காலத்துச் சனம், ரியூசன் விட்டதும் வீதியை நிறைக்கும் சைக்கிள்கள். நூலகப் பாட்டில் ஜன்னலோர மேசைக்கு முந்தும் பிள்ளைகளும், வினாத்தாளின் மேல் தலைவைத்துத் தூங்கும் ஒருத்தியும். எல்லாம் கண்ணால் கண்டவை. ஒலிப்பதிவின்போதே எனக்குப் பிடித்திருந்தது. அப்புறம் ஏன் கேட்டேன்?

மின்சாரமில்லாத தொண்ணூறுகளில் நான் பாட்டுக் கேட்டது சைக்கிள் டைனமோவில். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்ற வேண்டும். கை சோர்ந்தால் கசெட்டில் பாடுபவரின் குரலும் இழுபடும். அப்படிக் கேட்டு வளர்ந்தவனுக்கு, 1981இல் சுமார் 97,000 புத்தகங்கள் எரிந்த அந்த நூலகக் கட்டடத்தில் ஃபான் சத்தம் மட்டும் போதவில்லை.

அடுத்த முறை வரும்போது ஒரு வரி கொண்டுவந்தார்: "கூரையில்லா நாளிலே மழை வந்து படித்தது." ஒரே டேக்கில் பாடினார். கிற்றாரை அடக்கி, குரலை மட்டும் முன்னால் வைத்து மிக்ஸ் செய்தேன். ஆல்பம் வந்தபின் பெரியவர்கள் அழைத்துப் பேசியதெல்லாம் அந்த வரியைப் பற்றித்தான்.

மேடையில் அவர் அதைப் பாடுவதில்லை. அந்த இடத்தில் கிற்றார் மட்டும் போகும். கேட்டதற்கு, "ஞாபகம் வரேல்லை அண்ணை" என்றார்.

நான் திணிக்கவில்லை. கேட்பதுதான் என் வேலை, மறுப்பது அவர் உரிமை. ஆனால் தெரிந்த பிள்ளையென்று காசு குறைத்து ஸ்டூடியோ கொடுத்தவன், வயதில் மூத்தவன் கேட்டால் அது வெறும் கேள்வியாகவா இருக்கும்? கொழும்பு காலிமுகத்திடலில் பட்டம் விடுவதைப் பாடுகிறவரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் சாதாரண பின்னேரம் ஒன்றைப் பாடவும் அனுமதி வேண்டுமா? சரி, ஆனால் ஆல்பத்திலேயே சிறந்த வரி அதுதான். அதை எழுதியவர் அவர், நான் இல்லை. ரொறன்ரோவில் பிறந்த ஒரு பிள்ளை அதைக் கேட்டுவிட்டு, ஏன் கூரை இல்லை என்று தாயிடம் கேட்குமென்றால், அந்த வரி இருக்கத்தானே வேண்டும்?

இப்போது புதிய பாட்டொன்று அனுப்பியிருக்கிறார், பண்ணைக் கடற்கரையில் பின்னேரம் காற்று வாங்கப் போகிறவர்களைப் பற்றி. பக்கத்திலேயே நிற்கும், சண்டை கண்ட கோட்டை பாட்டில் இல்லை. வேகம் கொஞ்சம் கூட என்று மட்டும் பதில் எழுதினேன். கோட்டையைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமோ என்று இன்னமும் படுகிறது.