கையெழுத்துக்கு முந்தைய பதினோரு நாள்

கோவில்பட்டியில் நாங்கள் வாங்கிப் போட்டிருந்த நாலு சென்ட் மனையில் வீடு கட்ட, கான்ட்ராக்டர் அண்ணாச்சி கொண்டுவந்த அக்ரிமென்ட் மூன்றே பக்கம். "ஒரு தடவை படிச்சுட்டு நாளைக்குக் கையெழுத்துப் போட்ருங்க டீச்சர். வர்ற வாஸ்து நாளை விட்டா ரொம்பத் தள்ளிப் போயிரும்" என்றார். அவர் மேல் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. எங்கள் தெருவிலேயே இரண்டு வீடு கட்டியவர். ஆனாலும் பதினைந்து வருட வங்கிக் கடன். கணவர் குவைத்தில். சாத்தூரில் இருக்கும் தாய்மாமாவுக்கு போன் போட்டேன். பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். "போடாத தாயி, நாளைக்குக் காலைல வந்துர்றேன்" என்றார்.

வந்தவர் மூன்று பக்கத்தையும் இரண்டு தடவை படித்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து முதலில் வட்டம் போட்டது அஸ்திவார வரியில்: "அஸ்திவாரம் 4 அடி ஆழம். கூடுதலானால் தனிக் கட்டணம்."

எங்கள் மனை சுத்தக் கரிசல். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழை பெய்தால் உப்பும். மேல்மண் இப்படி உப்பிச் சுருங்குவதால்தான் இந்தப் பக்கத்து வீடுகளில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுகிறது. கரிசலைத் தாண்டி, அடியில் இருக்கிற சுக்கானில், அதாவது கெட்டியான சுண்ணாம்புக்கல் அடுக்கில், போய் உட்கார்ந்தால்தான் அஸ்திவாரம் அசையாது. அந்தச் சுக்கான் எத்தனை அடியில் இருக்கிறது என்று யாருமே பார்க்கவில்லை. நாலு அடி என்பது அண்ணாச்சி எல்லா அக்ரிமென்ட்டிலும் போடும் எண். "கூடுதலானால்" எவ்வளவு என்ற ரேட்டும் அதில் இல்லை.

மாமா இரண்டு ஆட்களை விட்டு மனையின் எதிரெதிர் மூலைகளில் குழி தோண்டச் சொன்னார். வடமேற்கில் ஐந்தேகால் அடியில் சுக்கான் தட்டியது, தென்கிழக்கில் ஆறரை அடியில். கரிசல் இன்னும் ஆழமாகப் போயிருந்தால் அடியில் குடை மாதிரி அகலும் பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) போட வேண்டி வரும், செலவுக் கணக்கே மாறிவிடும் என்றார். வீடு கட்டப்போகிற எல்லோரிடமும் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான்: ரேட் பேசுவதற்கு முன்னால் குழி தோண்டிப் பாருங்கள். எங்களுக்கு ஆனது ஒரு நாள் கூலி மட்டும்.

அண்ணாச்சியை அழைத்துக் குழியைக் காட்டினோம். எட்டிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "ஆறரை அடி வரைக்கும் என் ரேட்டுக்குள்ளேயே முடிச்சுத் தாரேன். அதுக்கு மேல போனா கன அடிக் கணக்கு" என்றார். அந்தக் கன அடி ரேட்டையும் அங்கேயே பேசி எழுதினோம். கூடவே, பேஸ்மென்ட் நிரப்ப கிராவல் மட்டுமே போட வேண்டும், தோண்டிய கரிசலைத் திரும்பக் கொட்டக் கூடாது என்று மாமா ஒரு வரி சேர்த்தார். கரிசல் உள்ளே கிடந்தால் பின்னால் அதுவே தரையைத் தூக்கிவிடும்.

அடுத்தது சதுர அடி. "சதுர அடிக்கு 2,350 ரூபாய், கட்டிய அளவின்படி" என்று இருந்ததே தவிர, எதையெல்லாம் அளப்பார்கள் என்று இல்லை. பிளானில் வீடு 1,050 சதுர அடி, அதை 2,350-ஆல் பெருக்கித்தான் நான் கடனுக்கே எழுதிக் கொடுத்திருந்தேன். அண்ணாச்சியைக் கணக்குப் போட்டுக் காட்டச் சொன்னால் 1,342 வந்தது. போர்ட்டிகோ 120, மாடிப்படி ஹெட்ரூம் 98, சன்ஷேட் 74. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

மாமா பதறவில்லை. ஹெட்ரூமுக்குச் சுவரும் இருக்கிறது கூரையும் இருக்கிறது, முழுசாகக் கொடுப்பதுதான் நியாயம். போர்ட்டிகோவுக்கு இரண்டு தூண்தான், அதற்குப் பாதி. சன்ஷேடுக்கு எதுவும் கிடையாது. மொத்தம் 1,208. அண்ணாச்சி ஒரு நாள் யோசித்துவிட்டு, அப்படியென்றால் ரேட்டை 2,400 ஆக்கிக் கொடுங்கள் என்றார். ஒத்துக்கொண்டோம். 31,53,700 ஆகியிருக்க வேண்டியது 28,99,200-இல் நின்றது. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, அந்தத் தொகை எழுத்திலும் எண்ணிலும் அக்ரிமென்ட்டில் ஏறியதுதான்.

கடைசிப் பக்கத்தின் அடியில் "வரிகள் தனி" என்று சின்னதாக ஒரு வரி. பொருளோடு சேர்த்து எடுக்கும் கான்ட்ராக்டுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். எங்கள் தொகைக்கு ஐந்து லட்சத்துக்கு மேல். (தனி வீட்டுக்கு வெறும் கூலி கான்ட்ராக்ட் என்றால் வரிவிலக்கு உண்டு, எங்களுடையது அப்படி இல்லை.) கேட்டதும், "என் ரேட்டே வரியோட சேர்த்துதான் டீச்சர், அது பழைய பேப்பர்ல இருந்து வந்தது" என்றார். "சரி அண்ணாச்சி, அதையே எழுதிருங்க" என்றேன். எழுதினார். அந்தப் பதினோரு நாளில் நான் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான். அவர் வாயால் சொன்ன எதையும் எழுதித் தர மறுக்கவில்லை, நானாகக் கேட்க வேண்டியிருந்தது.

பணம் கொடுக்கும் தவணையைப் பார்த்தபோதுதான் மாமாவுக்குக் கோபம் வந்தது. அட்வான்ஸ் 20 சதவீதம், பேஸ்மென்ட் 25, ஜன்னல் மேல்மட்டமான லிண்டல் 20, கூரை 25. கூரை கான்கிரீட் போட்ட அன்றைக்கே 90 சதவீதம் கைமாறிவிடும். பூச்சு, வயரிங், பிளம்பிங், டைல்ஸ், கதவு, பெயின்ட் என்று பாதி வேலை அதற்குப் பிறகுதான் இருக்கிறது. வங்கியும் அப்படித் தராது, அவர்கள் இன்ஜினியர் வந்து பார்த்து வேலைக்குத் தக்கபடிதான் விடுவார்கள். இடையில் வரும் வித்தியாசத்துக்கு நான் நகையைத்தான் அடகு வைத்திருப்பேன். வங்கியின் தவணைப் பட்டியலை வாங்கி வந்து, அதை ஒட்டியே மாற்றினோம்: அட்வான்ஸ் 5, பேஸ்மென்ட் 20, லிண்டல் 15, கூரை 20, பூச்சும் லைன் வேலையும் 20, டைல்ஸும் பெயின்டும் 12, சாவி தரும்போது 5, ஆறு மாதம் கழித்து 3. அட்வான்ஸைக் குறைத்ததில் அவருக்கு வருத்தம். அதற்குப் பதிலாக, முதல் லோடு கம்பிக்கும் சிமென்டுக்கும் நானே கடைக்கு நேராகப் பணம் கட்டிக் கழித்துக்கொள்வதாக எழுதினோம்.

பொருள் பட்டியலில் "முதல் தரக் கம்பி, முதல் தர சிமென்ட்" என்று இருந்ததை அடித்துவிட்டு, எஃப்.இ. 550டி தரக் கம்பி, எம்20 தரக் கான்கிரீட், பூச்சுக்கு பி-சாண்ட் மணல் என்றும், மூன்று மூன்று கம்பெனிப் பெயரும் போட்டோம். டைல்ஸ் சதுர அடி 55 ரூபாய் வரை, கரன்ட் பாயின்ட் அறைவாரியாக எத்தனை என்பதும் சேர்ந்தது. சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட் மூன்றும் ரேட்டுக்குள் வராது என்பதே அப்போதுதான் தெரிந்தது. அவற்றுக்குத் தனி விலை எழுதி வாங்கினோம். இன்ஜினியரின் கம்பி வரைபடத்தையும் அக்ரிமென்ட்டோடு இணைத்தோம்.

"தகராறு வந்தால் ஒப்பந்ததாரரின் முடிவே இறுதி" என்ற வரியைக் கணவரின் நண்பரான வக்கீல் எடுக்கச் சொன்னார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டித் தருவதும் சேவைதான், 50 லட்சம் வரை மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம் என்றார். சொந்த மனையில் இப்படிக் கட்டிக்கொள்ளும் வீட்டுக்கு, பில்டர்கள் கட்டி விற்கும் வீடுகளுக்கான ரெரா சட்டம் வராது என்பதையும் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். அந்தச் சட்டத்தில் இருக்கிற மாதிரி ஐந்து வருடப் பொறுப்பைக் கேட்டுப் பார்த்தேன். அண்ணாச்சி முடியாது என்று நேராகவே சொல்லிவிட்டார். கூரை ஒழுக்குக்கும் சுவர் விரிசலுக்கும் இரண்டு வருடம் என்று முடிந்தது. அந்த ஒன்றில் எனக்கு இப்போதும் மனக்குறைதான்.

பதினோராவது நாள், ஏழு பக்கமாகிவிட்ட அக்ரிமென்ட்டில் இரண்டு பிரதியிலும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டோம். வாஸ்து நாள் தப்பிப் போயிருந்தது. அடுத்த வாஸ்து நாளுக்குக் காத்திருந்தே பூஜை போட்டோம்.

குழி எடுத்தபோது எல்லாத் தூணுக்கும் ஆறரை அடிக்குள் சுக்கான் வந்தது, சமையலறை மூலையில் இருந்த தூணைத் தவிர. அங்கே ஏழு அடி. கொத்தனார் டேப்பைப் பிடிக்க, அண்ணாச்சி அக்ரிமென்ட்டின் இரண்டாம் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். நான் குழிக்குள் குனிந்து ஏழு என்ற எண்ணை என் கண்ணால் பார்த்தேன். அந்த அரை அடிக்கான பணத்தை அன்று சாயங்காலமே அவர் கணக்கில் போட்டுவிட்டேன்.