மீட்டர் பொய் சொல்லாது, ஐயா

"மீட்டர் பொய் சொல்லாது, ஐயா." இதைச் சொன்னவன் நான்தான், கார்ப் பட்டறையில் போமென், அதாவது மெக்கானிக். மரியாதையாகத்தான் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை, முகம் சுளிக்கவில்லை. ஆனாலும் மூன்று வருடமாக இந்த ஒரு பேச்சு மட்டும் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

நான் இதைச் சொன்ன பெரியவர், மலேசியாவில் சிலாங்கூரில் உள்ள தென்னமரம் என்ற செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டி ஓய்வு பெற்றவர். ஊருக்கு 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறினாலும் அவர் வாயில் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தைதான். அவருடைய பழைய கார், எங்கள் பேச்சில் காடி, ஓடிக்கொண்டிருக்கும்போதே மொத்தமாக அடங்கிவிடும். லைட், ஹாரன், ரேடியோ, எஞ்சின் எல்லாமே. கொஞ்ச நேரத்தில் சில சமயம் உயிர் வரும், சில சமயம் வராது. இந்தத் தொழிலில் வந்து வந்து போகிற கோளாறு போல ஆளை வதைப்பது வேறொன்றும் இல்லை. பட்டறைக்கு வந்து நின்றால் ஒரு குறையும் காட்டாது.

அவர் இரண்டு விஷயம் சொன்னார். "மெதுவா போறப்பதான் தம்பி நிக்குது. சிம்பாங்ல திரும்பறப்ப, லயத்துக்கிட்ட வேகத்தைக் குறைக்கிறப்ப. வேகமா போனா ஒன்னும் பண்றதில்ல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்புறம், போனட்டைத் திறந்து டப்புன்னு மூடினா வந்துடுது" என்றார்.

நான் தலையாட்டினேன். தலையாட்டினேனே தவிர, காதில் வாங்கவில்லை. வோல்ட் அளக்கிற மீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரியில் வைத்தேன். எஞ்சின் நின்றிருக்கும்போது 12.4 வோல்ட். ஓடவிட்டுப் பார்த்தால் 14.1. சார்ஜ் ஒழுங்காக ஏறுகிறது. ஸ்டார்ட் மட்டும் இழுத்து இழுத்துத்தான் எடுத்தது. பேட்டரியின் மேல் இருந்த தேதியைப் பார்த்தேன், இரண்டு வருடம் தாண்டியிருந்தது. நம் ஊர் வெயிலில் ஒரு பேட்டரிக்கு அது நீண்ட ஆயுள். எனக்கு வேறு சந்தேகமே வரவில்லை. "பேட்டரிதான்" என்றேன். அவர் திரும்பவும், "ஆனா போனட்டை மூடினா..." என்று ஆரம்பித்தார். அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

"சரி தம்பி, உங்களுக்குத் தெரியாததா" என்றார். புதுப் பேட்டரியை மாட்டினேன். அவர் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்து, மடிப்பைப் பிரித்து, ஐம்பது வெள்ளி, அதாவது ரிங்கிட், தாள் மூன்றும் மீதி பத்தும் ஐந்துமாக 190 வெள்ளி எண்ணி வைத்தார். ஒவ்வொரு தாளையும் இரண்டு விரலால் உரசிப் பார்த்துத்தான் வைத்தார்.

மூன்று வாரம் காடி நன்றாக ஓடியது. அப்புறம் ஒரு ராத்திரி, மழை விட்ட நேரம், ஈஜோக் சாலையில் ஒரு திருப்பத்தில் நின்றுவிட்டது. அந்தச் சாலை இருட்டை நம் ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் விளக்கு ஒன்றுகூட எரியவில்லை. பின் இருக்கையில் அவருடைய மனைவி. செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று பின்னாலேயே வந்திருக்கிறது. லோரிக்காரர் கடைசி நேரத்தில் பார்த்து ஒடித்துத் திருப்பியதால் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலை பெரியவர் மகனுடைய மோட்டார் சைக்கிளில் வந்து இதைச் சொன்னார். திட்டியிருந்தால் எனக்கு நல்லதாகப் போயிருக்கும். "நேத்து கொஞ்சம் பயந்துட்டோம் தம்பி" என்றார், அவ்வளவுதான்.

காடியை இழுத்துவந்து நிறுத்தி, இந்த முறை ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஒவ்வொரு வயராகப் பிடித்து ஆட்டினேன். அரை நாள் போயிற்று. பேட்டரியின் நெகட்டிவிலிருந்து பாடிக்கும் கியர்பாக்ஸுக்கும் போகிற எர்த் கேபிளை லேசாக இழுத்ததும் விளக்கு அணைந்தது. விட்டதும் எரிந்தது. இன்னொரு தடவை இழுத்தேன், அணைந்தது. கிளாம்புக்குப் பக்கத்தில் ரப்பர் உறையைக் கத்தியால் கீறிப் பார்த்தால் உள்ளே செம்பு இல்லை, பச்சைப் பொடி. நாலைந்து இழைதான் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கிடந்தன. வெளியே உறை புதுசு போலப் பளபளப்பாக இருந்தது.

மீட்டர் பொய் சொல்லவில்லை என்பதும் உண்மைதான். நான் அதனிடம் கேட்டது தப்பான கேள்வி. பேட்டரியின் இரண்டு முனையில் வைத்தால் அது பேட்டரியைப் பற்றித்தான் சொல்லும், கேபிளைப் பற்றிச் சொல்லாது. கேபிளின் இரு முனையில் வைத்துப் பார்த்தாலும், கரண்ட் ஓடாதபோது ஒரே ஒரு இழை போதும், எல்லாம் சரி என்று காட்டிவிடும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது சின்ன எஞ்சினுக்கே நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். அந்த நேரத்தில் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை எஞ்சின் மேலும் வைத்துப் பார்க்க வேண்டும். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது, அன்றைக்கு 2 வோல்ட்டைத் தாண்டியது. ஸ்டார்ட் இழுத்ததற்கு முக்கியக் காரணம் இதுதான். புதுப் பேட்டரி மூன்று வாரம் ஓடியதுகூட, மாட்டும்போது நான் கேபிளை முறுக்கியதில் இழைகள் கொஞ்சம் சேர்ந்துகொண்டதால்தான்.

பெரியவர் சொன்ன இரண்டும் இதே கேபிளைத்தான் சொல்லியிருக்கின்றன. வேகமாகப் போகும்போது பேட்டரியின் தொடர்பு அறுந்தாலும் ஆல்டர்னேட்டர் தனியாகவே காடியைத் தாங்கும். வேகம் குறைந்து, ரேடியேட்டர் ஃபேனும் சேர்ந்து சுற்ற ஆரம்பித்தால் அதனால் முடியாது, எல்லாம் ஒன்றாக விழும். போனட்டை அடித்து மூடுகிற அதிர்ச்சியில் அறுந்த இழைகள் மறுபடி தொட்டுக்கொள்ளும்.

குலை வெட்டுகிறவர்கள் மேலே அண்ணாந்து நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. மரத்தடியில் எத்தனை பழம் உதிர்ந்து கிடக்கிறது என்று பார்த்துத்தான் குலை பழுத்ததா என்பார்கள். 1917-இல் இந்த நாட்டிலேயே முதன்முதலாக வணிகத்துக்குச் செம்பனை நட்ட தோட்டம் அந்தத் தென்னமரம். அங்கே முப்பது வருடம் தரையைப் பார்த்து மரத்தைச் சொன்ன மனுஷர், தன் காடியிலும் உதிர்ந்து கிடந்ததைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்.

என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அன்றைக்குப் பட்டறையில் ஏழு காடி வரிசையில் நின்றன. மாற்றிய பொருளுக்குத்தான் காசு கேட்க முடியும், தேடிய நேரத்துக்கு இல்லை. அரை நாள் தேடி ஒன்றும் அகப்படவில்லை என்றால் பட்டறை முதலாளி தவுக்கேக்கு என்ன பதில் சொல்வேன்? பேட்டரியும் உண்மையிலேயே பழசு. அந்த அளவுகளைப் பார்த்த எந்தப் போமெனும் அதைத்தான் சொல்லியிருப்பான்.

இப்படி எனக்கு நானே சொல்லி முடித்ததும் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. பெரியவர் சொன்ன இதே வார்த்தையை ஒரு தோட்ட மேனேஜர் சொல்லியிருந்தால்? ஒரு கிராணி, தோட்டத்துக் கணக்கர், சொல்லியிருந்தால்? "எப்போ நிக்குது சார், எந்த இடத்துல?" என்று தாள் எடுத்துக் குறித்திருக்க மாட்டேனா? என் அப்பாவும் தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருந்தவர்தான். அவரும் ஆஸ்பத்திரியில் நோயைச் சொல்லப்போய்ப் பாதியில் நிறுத்திக்கொண்டு, "சரி டாக்டர், உங்களுக்குத் தெரியாததா" என்பார். அவருக்காக நான் கோபப்பட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு வருகிறவர்கள் சொல்வதையெல்லாம் கவனமாகக் கேட்க ஆரம்பித்தேன். போன வருடம் ஒரு அக்கா, ஏர்கான் போட்டால்தான் காடி அணைகிறது என்று உறுதியாகச் சொன்னார். அவர் பேச்சை நம்பி இரண்டு நாள் ஏர்கான் வயரையெல்லாம் பிரித்துப் பார்த்தேன். கடைசியில் பேட்டரிதான். அந்த இரண்டு நாள் கூலியை நானே விட்டுக்கொடுத்தேன். அதனால் கேட்டுவிட்டால் போதும் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

பெரியவரிடம் கேபிளுக்குக் காசு வாங்கவில்லை. பேட்டரி பணத்தை நீட்டினேன். "பேட்டரி பழசுதானே தம்பி, எப்படியும் மாத்தணும்" என்று தள்ளிவிட்டார். நான் இரண்டாவது முறை நீட்டவில்லை. நீட்டியிருக்க வேண்டும்.

போன மாதம் எண்ணெய் மாற்ற வந்தார். காடி நன்றாக ஓடுகிறது என்றார். கிளம்புவதற்கு முன் போனட்டை ஒரு தடவை திறந்து, டப்பென்று மூடிவிட்டு ஏறி உட்கார்ந்தார். இனி அது வேண்டாம் ஐயா என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.